ஸ்டாம்ஃபர்ட் கால்வாயும் 0.55 என்ற எண்ணும்: சிங்கப்பூரின் மழைநீர் விதிகள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

2010 ஜூன் 16ஆம் நாள் காலையில், சிங்கப்பூரின் மையப் பகுதியில் இரண்டரை மணி நேரம் பெய்த மழை ஏறத்தாழ 100 மில்லிமீட்டரைத் தொட்டது. ஜூன் மாதம் முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழையில் பாதிக்கும் மேற்பட்ட அளவு அந்த ஒரே காலையில் இறங்கியதால், ஆர்ச்சர்ட் ரோட்டில் கார்கள் நீரில் நின்றன. லக்கி பிளாசா, லியட் டவர்ஸ் போன்ற கடைத்தொகுதிகளின் கீழ்த்தளங்களுக்குள் வெள்ளம் படியிறங்கிச் சென்றது. உயிர்ச்சேதம் இல்லை. ஆயினும் நாட்டின் முதன்மையான கடைத்தெரு பட்டப்பகலில் மூழ்கிய காட்சி, வடிகால் துறையில் சிங்கப்பூர் அதுவரை கட்டியெழுப்பியிருந்த தன்னம்பிக்கையை வெகுவாக அசைத்தது.

அந்தத் தன்னம்பிக்கைக்கு நியாயமான அடிப்படை இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1978 டிசம்பர் 2ஆம் நாள், 24 மணி நேரத்தில் 512.4 மில்லிமீட்டர் மழை பதிவான பெருவெள்ளத்தில் ஏழு பேர் உயிரிழந்தனர். 1970களில் சுமார் 3,200 ஹெக்டேராக இருந்த வெள்ள அபாயப் பரப்பு, பின்வந்த பதிற்றாண்டுகளில் ஏறத்தாழ 30 ஹெக்டேருக்குக் குறைக்கப்பட்டது. இந்தச் சாதனை முழுவதும் ஒரே உத்தியின் விளைவு: வடிகாலை அகலமாக்கு, ஆழமாக்கு, கான்கிரீட் பூசு, வந்த நீரை விரைவாகக் கடலுக்கு அனுப்பு. ஆர்ச்சர்ட் ரோட்டில் நின்றுபோனது அந்த உத்திதான். அதற்குப் பின் எழுதப்பட்ட விதிகளில் ஒன்று, நிலத்தின் உரிமையாளரே தம் மனையிலிருந்து நீர் வெளியேறும் வேகத்துக்குப் பொறுப்பாளி என்று ஆக்கியது. அவ்விதி எவ்வாறு வந்தது, எவ்வாறு இயங்குகிறது, எங்கே நின்றுவிடுகிறது என்பதை இக்கட்டுரை முதலில் ஆராய்கிறது. கால்வாய்க் கரைகளைக் காப்பதில் அதே அளவு உறுதியான விதி ஏன் உருவாகவில்லை என்ற கேள்வியை, காலாங் ஆற்றை முன்வைத்து அடுத்து எழுப்புகிறது.

படுகையின் இயல்பு

ஸ்டாம்ஃபர்ட் கால்வாயின் நீர்ப்பிடிப்புப் பரப்பு சுமார் 630 ஹெக்டேர். டாங்ளின், தாவரவியல் பூங்கா ஆகியவற்றை ஒட்டிய மேட்டுப் பகுதிகளில் விழும் மழையைச் சேர்த்துக்கொண்டு, ஆர்ச்சர்ட் ரோட்டின் நடைபாதைக்கு அடியிலேயே ஓடி, பிராஸ் பசா வழியாக மரினா குடாவை அது அடைகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இது திறந்த நன்னீர் ஓடையாக இருந்தது. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் இதன் நீரில் துணி வெளுத்து அருகிலிருந்த வெட்டவெளியில் உலர்த்தினர்; டோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கும் நம்மவர்களில் பலருக்கு இச்செய்தி புதியதாக இராது. அக்காலத்தில் ஆர்ச்சர்ட் ரோட்டைச் சூழ்ந்திருந்த ஜாதிக்காய், மிளகுத் தோட்டங்களின் மண், விழுந்த மழையில் பெரும்பகுதியைத் தானே உறிஞ்சிக்கொண்டு மீதியை மெதுவாக ஓடைக்கு விட்டது. தோட்டங்கள் மாளிகைகளாயின, மாளிகைகள் கடைத்தொகுதிகளாயின, ஓடை கான்கிரீட் கால்வாயாகி, பிறகு மேலே மூடியும் போடப்பட்டது.

வடிகாலுக்கு வரும் உச்ச நீரோட்டத்தைக் கணக்கிடப் பொறியாளர்கள் பயன்படுத்தும் சூத்திரம் எளியது. நிலப்பரப்பு ஹெக்டேரிலும் மழையின் செறிவு மணிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். அவ்விரண்டையும் வழிந்தோட்டக் கெழு என்ற எண்ணையும் பெருக்கி 360ஆல் வகுத்தால், விநாடிக்கு எத்தனை கன மீட்டர் நீர் வரும் என்பது கிடைத்துவிடும். இதில் மனிதர் கையில் இருப்பது அந்தக் கெழு மட்டுமே. விழும் மழையில் எவ்வளவு பங்கு நிலத்தில் இறங்காமல் வழிந்தோடுகிறது என்பதை அது குறிக்கும். சிங்கப்பூரின் வடிகால் விதித்தொகுப்பு சாலைகளுக்கும் தளமிட்ட பரப்புகளுக்கும் 1.00, நெருக்கமாகக் கட்டப்பட்ட நகர்ப்பகுதிகளுக்கு 0.90, அடர்ந்த குடியிருப்பு, தொழிற்பேட்டைகளுக்கு 0.80, அடர்த்தி குறைந்தவற்றுக்கு 0.65, காய்கறித் தோட்டங்களும் மீன்குளங்களும் உள்ள நாட்டுப்புறத்துக்கு 0.45 என்று வகுத்துள்ளது. 0.45இல் தொடங்கிய ஒரு படுகை 0.90ஐ நோக்கி நகரும்போது, மழை ஒரு துளிகூடக் கூடாவிட்டாலும் கால்வாய்க்கு வரும் உச்ச நீர் இருமடங்காகும். மழையும் அதே அளவில் நின்றுவிடவில்லை. ஆண்டின் அதிகபட்ச ஒரு மணி நேர மழை 1980இல் 96 மில்லிமீட்டராக இருந்து 2012இல் 117 மில்லிமீட்டரை எட்டியது என்பது பியுபி என்று அனைவரும் அழைக்கும் பொதுப் பயனீட்டுக் கழகம் வெளியிட்ட கணக்கு.

காரணம் தேடியபோது

2010 வெள்ளத்துக்கு உடனடியாகச் சுட்டப்பட்ட காரணம் குப்பை. கால்வாய் இரு கிளையாகப் பிரியும் இடத்தில் ஒரு கிளையின் வாயை மிதந்துவந்த பொருள்கள் அடைத்துக்கொண்டன என்றும், அதனால் நீர் பின்னோக்கி ஏறிச் சாலையில் வழிந்தது என்றும் விளக்கம் தரப்பட்டது. அது பொய்யான விளக்கமன்று, ஆனால் வசதியான விளக்கம். அடைப்பு என்றால் அள்ளிவிடலாம். படுகை முழுவதும் மாறிவிட்டது என்றால் யார் யாரிடமோ கணக்குக் கேட்க வேண்டியிருக்கும். அடுத்த நடவடிக்கையும் அதே திசையில்தான் அமைந்தது: ஆர்ச்சர்ட் ரோட்டின் தாழ்வான பகுதி 2011இல் சராசரியாக 30 சென்டிமீட்டர் உயர்த்தப்பட்டது. சாலை உயர்ந்ததும், உயராத இடங்கள் தாழ்வாயின. 2011 டிசம்பரில் லியட் டவர்ஸின் கீழ்த்தளத்தில் மீண்டும் நீர் புகுந்தது.

அதற்கு முன்பே, 2011 ஜூனில், சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சான் எங் சூன் தலைமையில் நிபுணர் குழு ஒன்றை அரசாங்கம் அமைத்திருந்தது. 2012 ஜனவரியில் அக்குழு தன் அறிக்கையை அளித்தது. மரினா அணைக்கட்டுதான் ஆர்ச்சர்ட் வெள்ளத்துக்குக் காரணம் என்று காப்பிக்கடைகளில் உலவிய பேச்சை அது ஏற்கவில்லை. 2008இல் திறக்கப்பட்ட அந்த அணைக்கட்டு, கடல் ஏற்றத்தின்போது ஏழு பெரிய பம்புகளால் நீரைக் கடலுக்குள் இறைக்கவல்லது. தாழ்வான நகர மையத்துக்கு அது பாதுகாப்பு, பாரமன்று. குழு சொன்ன முக்கியமான செய்தி வேறு. வடிகால் என்ற பாதையை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போவதற்கு நிலம் இல்லை. எனவே நீர் தோன்றும் இடம், அது செல்லும் பாதை, அது தாக்கும் இடம் ஆகிய மூன்றிலும் ஒருசேர நடவடிக்கை வேண்டும் என்பதே அது.

பாதை குறித்த மாற்றம் 2011 டிசம்பரில் திருத்தப்பட்ட விதித்தொகுப்பில் இடம்பெற்றது. அதுவரை பொதுவாக ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரத்தக்க மழையைத் தாங்கும்படி கட்டப்பட்ட வடிகால்கள், இனிமேல் 100 ஹெக்டேருக்குக் குறைந்த படுகைகளில் பத்தாண்டு மழைக்கும், 100 முதல் 1,000 ஹெக்டேர் வரை 25 ஆண்டு மழைக்கும், அதற்கும் மேற்பட்டவற்றில் 50 ஆண்டு மழைக்கும் வடிவமைக்கப்பட வேண்டும் என்று ஆயின. பத்தாண்டு மழை என்றால் பத்தாண்டுக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போய்விடும் என்று பொருள்கொள்வோர் இன்றும் உள்ளனர். எந்த ஓர் ஆண்டிலும் அதற்குப் பத்தில் ஒரு வாய்ப்பு உண்டு என்பதே அதன் பொருள். தாக்கப்படும் இடங்களுக்கான விதிகள் எளியவை: கட்டடத்தின் தரைமட்டம் குறிப்பிட்ட உயரத்துக்குக் குறையக்கூடாது, நிலத்தடித் தளங்களுக்குச் செல்லும் சரிவுப்பாதைகளின் முகட்டுமட்டம் அதைவிட உயர வேண்டும், உயர்த்த இயலாத பழைய கட்டடங்கள் வெள்ளத்தடுப்புப் பலகைகளை வைத்துக்கொள்ள வேண்டும்.

தோற்றுவாய் குறித்த விதி 2014 ஜனவரி 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்நிகழ்வின் மையம் அதுவே.

எண்ணின் பிடி

0.2 ஹெக்டேர், அதாவது 2,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட மனைகளில் எழும் புதிய கட்டுமானமும் மறுகட்டுமானமும், பொது வடிகாலுக்கு அனுப்பும் உச்ச நீரோட்டத்தை ஓர் அளவுக்குள் நிறுத்த வேண்டும் என்பது விதி. அந்த அளவு, மனையின் வழிந்தோட்டக் கெழு 0.55ஆக இருந்தால் எவ்வளவு நீர் வருமோ அவ்வளவு. அதுவும் பத்தாண்டு மழைக்கு, நான்கு மணி நேரம் வரையிலான எல்லாக் கால அளவுகளுக்கும். தொழிற்சாலை, வணிகம், பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு என்ற வேறுபாடு இல்லை. இதன் விளைவாக உச்ச நீரோட்டம் 25 முதல் 35 விழுக்காடு வரை குறையும் என்பது பியுபியின் மதிப்பீடு.

சிராங்கூன் சாலைக்கு அருகே ஒரு ஹெக்டேர் பரப்பில் ஒரு கூட்டுரிமைக் குடியிருப்பு எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கூரை, கார் நிறுத்துமிடம், நீச்சல்குளத் தளம் எல்லாம் சேர்ந்து அதன் கெழு 0.90. மணிக்கு 120 மில்லிமீட்டர் செறிவில் மழை பெய்தால் விநாடிக்கு 0.30 கன மீட்டர் நீர் வெளிவரும். விதி அனுமதிப்பது 0.183. இடைப்பட்ட 117 லிட்டரை ஒவ்வொரு விநாடியும் மனைக்குள்ளேயே எங்காவது நிறுத்தி வைக்க வேண்டும். மழை அதே செறிவில் கால் மணி நேரம் நீடித்தால் தோராயமாக 105 கன மீட்டர் இடம் தேவை. உண்மையான வடிவமைப்பில் நீர்வரத்து ஏறி இறங்கும் வரைகோட்டைக் கொண்டு இதனை நுட்பமாகக் கணக்கிடுவர் என்றாலும், விதியின் பிடி எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு இந்த மேலோட்டமான கணக்கே போதும். நூற்றைந்து கன மீட்டர் என்பது கட்டட வரைபடத்தில் சில கார்களின் இடத்தைத் தின்றுவிடும். அந்த இடத்துக்கு இந்த ஊரில் விலை உண்டு.

இந்த விதியை நான் மதிப்பதற்குக் காரணம், மனையில் எந்த வழியில் நீரை நிறுத்துவது என்பதை அது கட்டளையிடவில்லை என்பதே. நிலத்தடித் தேக்கத்தொட்டி கட்டலாம். மழைத்தோட்டம், புல் வாய்க்கால், பச்சைக்கூரை, நீர் உட்புகும் நடைதளம் ஆகியவற்றைக் கலந்து கெழுவையே குறைக்கலாம். 2006இல் தொடங்கிய ‘துடிப்பான, அழகிய, தூய்மையான நீர்நிலைகள்’ திட்டம் பின்னவற்றை ஊக்குவித்து, 2010 முதல் அவற்றுக்குச் சான்றிதழும் வழங்கிவருகிறது. பொங்கோலில் உள்ள வாட்டர்வே ரிட்ஜஸ் என்ற வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) குடியிருப்புப் பேட்டையில் மழைத்தோட்டங்களையும் புல் வாய்க்கால்களையும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்குப் பக்கத்திலேயே காணலாம். எனினும் தேர்வு விடப்பட்ட இடத்தில் மேம்பாட்டாளர்களுக்குத் தொட்டி எளிய விடை. அது கண்ணுக்குத் தெரியாது, மேலே எதையும் கட்டலாம், கணக்கு நேரடியானது. ஆனால் தொட்டி நீரைத் தூய்மைப்படுத்தாது, நிழல் தராது, வெப்பத்தைக் குறைக்காது. உச்ச நீரோட்டம் என்ற ஒரே அளவுகோலை வைத்தால், அந்த ஒன்றை மட்டும் நிறைவுசெய்யும் விடையே பெருகும்.

தொட்டிகளின் பராமரிப்பு உரிமையாளர் பொறுப்பு. அடுக்குமாடிகளின் நிர்வாகக் குழுக் கூட்டங்களில் மின்தூக்கி, சுவர்ப்பூச்சு, பராமரிப்புக் கட்டணம் ஆகியவை எழுப்பும் விவாதத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தேக்கத்தொட்டி எழுப்புவதில்லை. வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்தாலோ, வெளியேற்றுக் குழாயின் சிறு துளை அடைபட்டாலோ, பெருமழை வரும்வரை அது யாருக்கும் தெரியாது. மழை நின்றபின் தொட்டி முழுமையாக வடியாவிட்டால் டெங்கிக் கொசுவுக்கு அதுவே பிறப்பிடம்; இந்த ஒரு அச்சம்தான் சில இடங்களில் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்க வைக்கிறது என்று தோன்றுகிறது.

விதி நிற்கும் இடங்களையும் பார்க்க வேண்டும். முதலாவது, அது கட்டட அனுமதியோடு பிணைக்கப்பட்டது. அதனால்தான் அதற்குப் பிடி உண்டு: தகுதிபெற்ற வல்லுநர் கணக்கைச் சமர்ப்பித்து ஒப்புதல் பெறாமல் வேலை நகராது. ஆனால் அதே காரணத்தால், 2014க்கு முன் எழுந்து இன்னும் இடிக்கப்படாத எந்தக் கூரையையும் அது தொடுவதில்லை. ஸ்டாம்ஃபர்ட் படுகை போன்ற முழுமையாகக் கட்டிமுடிக்கப்பட்ட இடத்தில், விதியின் பயன் ஒவ்வொரு மறுகட்டுமானமாகத்தான் சேரும். இரண்டாவது, 2,000 சதுர மீட்டர் என்ற எல்லை. லிட்டில் இந்தியாவின் கடைவீடு ஒவ்வொன்றும் சில நூறு சதுர மீட்டரே. தரைவீடுகளும் பெரும்பாலும் அப்படியே. வரிசை வீடுகளின் முன்புறப் புல்தரையைப் பெயர்த்து, இரண்டாவது காருக்காக ஓடு பதிப்பது சிராங்கூன் கார்டன்ஸ் முதல் செம்பவாங் வரை வழக்கமாகிவிட்டது. ஒரு வீட்டில் அது பொருட்படுத்தத்தக்கதன்று. ஒரு தெரு முழுவதும் 0.65இலிருந்து 0.80க்கு நகர்ந்தால், அத்தெருவின் வடிகாலுக்கு வரும் உச்ச நீர் ஏறத்தாழ 23 விழுக்காடு கூடும். விதிக்கு உட்பட்ட பெரிய மனைகளில் அரும்பாடுபட்டுக் குறைத்ததில் ஒரு பகுதியை அது தின்றுவிடும். மூன்றாவது, பத்தாண்டு மழைக்கு அப்பால் தொட்டி நிரம்பிவிடும். அதன்பின் அது இல்லாதது போலத்தான்.

பொதுப்பணத்தின் பங்கு

விதி மெதுவாகப் பலன் தரும் என்பதை அரசாங்கமும் அறிந்திருந்தது. எனவே ஸ்டாம்ஃபர்ட் படுகைக்கென 227 மில்லியன் வெள்ளி செலவில் இரு கட்டுமானங்கள் 2018இல் நிறைவுற்றன. டாங்ளினிலிருந்து சிங்கப்பூர் ஆறுவரை இரண்டு கிலோமீட்டர் நீளும் திசைதிருப்புக் கால்வாய், படுகையின் மேற்பகுதியிலுள்ள 240 ஹெக்டேரின், அதாவது 38 விழுக்காட்டின், நீரை ஸ்டாம்ஃபர்ட் கால்வாய்க்கு வராமலே கொண்டுசெல்கிறது. தாவரவியல் பூங்காவின் டயர்சால் பகுதியில், பேருந்து நிறுத்துமிடத்துக்கு அடியில், 38,000 கன மீட்டர் கொள்ளளவுள்ள தேக்கத்தொட்டி அமைந்துள்ளது. ஹாலந்து ரோடு வடிகால்கள் நிரம்பும்போது மிகுநீர் அதற்குள் விழுகிறது. மழை ஓய்ந்தபின் திரும்ப இறைக்கப்படுகிறது.

பதினைந்து ஒலிம்பிக் நீச்சல்குளங்கள் என்று சொன்னால் அது மலைப்பாகத் தோன்றும். 630 ஹெக்டேர் முழுவதற்கும் பரப்பிப் பார்த்தால் அது வெறும் 6 மில்லிமீட்டர் மழை. ஆகவே வெள்ளத்தை விழுங்குவது அதன் வேலையன்று. நீரோட்டம் உச்சத்தைத் தொடும் சில நிமிடங்களில் அந்த உச்சியை மட்டும் சீவி எடுப்பதே வேலை. தனியார் மனைகளின் தொட்டிகளும் அதையே செய்கின்றன. ஒரே பணியை ஒரு பக்கம் வரிப்பணத்திலும் மறுபக்கம் மேம்பாட்டாளரின் பணத்திலும் செய்யும் இந்தப் பங்கீடு, ‘வடிகால் என்றால் அரசாங்கம்’ என்ற பழைய எண்ணத்திலிருந்து சிங்கப்பூர் விலகியதன் தெளிவான அடையாளம் என்று கருதுகிறேன்.

நீரோடு வரும் மண்

ஸ்டாம்ஃபர்ட் கால்வாய் சேரும் மரினா நீர்த்தேக்கம், 10,000 ஹெக்டேர் நீர்ப்பிடிப்புடன், நாட்டின் ஆறில் ஒரு பங்கு நிலத்தில் விழும் மழையைப் பெறுகிறது. அந்நீர் குடிநீராகிறது. ஆகையால் வழிந்தோடும் நீரின் அளவோடு அதன் தரமும் சட்டத்தின் கவனத்துக்கு உரியது. 1999இல் இயற்றப்பட்ட கழிவுநீர், வடிகால் சட்டத்தின் கீழ் வரும் மேற்பரப்பு வடிகால் விதிமுறைகள், கட்டுமானத் தளத்திலிருந்து பொது வடிகாலுக்குச் செல்லும் நீரில் மிதக்கும் திண்மம் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கின்றன. மண்ணரிப்புக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை அதற்கெனத் தகுதிபெற்ற வல்லுநர் வகுக்க வேண்டும். வடிகால் வாயில் கண்காணிப்புக் கேமரா பொருத்த வேண்டும்.

மண்ணரிப்புக் கட்டுப்பாட்டு நடவடிக்கைகளைத் தளத்தில் ‘ஈசிஎம்’ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் எல்லாரும் சொல்வர். வெட்டிய சரிவுகளைத் தார்ப்பாயாலோ நார்ப்பாயாலோ மூடுவது, எல்லையைச் சுற்றி மண்தடுப்பு வேலி அடிப்பது, வாய்க்கால் வெட்டிக் கலங்கல் நீரைத் தெளிவுக்குளத்துக்குக் கொண்டுசெல்வது ஆகிய வேலைகளைச் செய்பவர்களில் தஞ்சை, புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்துத் தொழிலாளர்கள் நிறையப் பேர். ஊரில் ஏரிக்கரை உடையாமல் மண்மூட்டை அடுக்கிப் பழகியவருக்கு இந்த வேலையின் தருக்கத்தைப் பாடம் நடத்த வேண்டியதில்லை. அவருக்குப் புதியது, கலங்கல் நீர் வெளியே சென்றால் அதற்கு ஓர் எண் உண்டு, அந்த எண்ணுக்கு அபராதம் உண்டு என்பது மட்டுமே.

கரை என்னும் இடைவெளி

இதுவரை சொன்ன விதிகள் எல்லாவற்றுக்கும் எண் உண்டு: 0.2, 0.55, 50. ஆற்றோரக் காப்புப் பட்டை என்று வரும்போது இந்தத் தெளிவு மங்குகிறது. சிங்கப்பூரில் நீர்வழியை ஒட்டிச் சட்டம் ஒதுக்கும் நிலத்துக்கு வடிகால் ஒதுக்கு நிலம் என்று பெயர். அதில் அனுமதியின்றிக் கட்டடமோ சுவரோ எழுப்ப இயலாது; அந்த அளவுக்கு அது வலுவான பாதுகாப்பே. ஆனால் அந்த நிலம் அளக்கப்படுவது கால்வாயின் அகலத்துக்கும், பழுதுபார்க்கும் வண்டி சென்றுவரும் வழிக்கும், வருங்காலத்தில் கால்வாயை விரிவாக்கும் தேவைக்கும். கரையில் வேர் பிடித்து மண்ணைக் காக்கும் செடிக்கும், வெயிலில் நீர் சூடேறாமல் காக்கும் நிழலுக்கும், வெள்ளம் பரவி நிற்கும் தாழ்நிலத்துக்கும் இடம் வேண்டும் என்ற நோக்கில் அது வரையப்பட்டதன்று. ஸ்டாம்ஃபர்ட் கால்வாயிலோ கரை என்று சொல்லத்தக்க ஒன்றே இல்லை. அதன் மேல் நடைபாதையும், நடைபாதையின் மேல் நாமும் இருக்கிறோம்.

கரையைத் திரும்பப் பெற முடியும் என்பதைக் காட்டிய இடம் பீஷான் - அங் மோ கியோ பூங்கா. லோயர் பியர்ஸ் நீர்த்தேக்கத்திலிருந்து மரினா நீர்த்தேக்கம் வரை பத்துக் கிலோமீட்டர் ஓடும் காலாங் ஆறு, அப்பூங்காவின் ஓரமாக 2.7 கிலோமீட்டர் நீளத்துக்கு வேலியிட்ட நேர்க்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக இருந்தது. 2012இல் நிறைவுற்ற பணியில் கான்கிரீட் உடைக்கப்பட்டு, பூங்காவின் நடுவே 3.2 கிலோமீட்டர் வளைந்து நெளியும் ஆறாக அது மாற்றப்பட்டது. வெப்பமண்டலப் பெருமழையில் செடிகளால் கரையைப் பிடித்து நிறுத்த முடியுமா என்ற ஐயம் இருந்ததால், பத்து வகை மண்காப்பு முறைகள் முதலில் 60 மீட்டர் நீளச் சோதனைக் கரையில் முயன்று பார்க்கப்பட்டன. கிளைக்கற்றைகள், கல் நிரப்பிய கம்பிக்கூடைகள், துணியில் சுற்றிய மண்ணடுக்குகள் ஆகியவற்றுக்கிடையே நடப்பட்ட செடிகள் வேர்விட்டுப் பின்னி, வயது ஏற ஏற வலுப்பெறுகின்றன. கான்கிரீட் கட்டிய நாளிலிருந்து தேயத் தொடங்குவது.

பொறியியல் நோக்கில் இங்கு கவனிக்க வேண்டியது அழகையன்று, கொள்ளளவை. 17 முதல் 24 மீட்டர் வரை இருந்த கால்வாயின் அகலம், வெள்ளக் காலத்தில் ஏறத்தாழ 100 மீட்டராக விரிகிறது; நீரைக் கொண்டுசெல்லும் திறன் சுமார் 40 விழுக்காடு கூடியது. மழை இல்லாத நாளில் அந்தத் தாழ்நிலம் மக்கள் அமரும் புல்வெளி. வேலி இல்லாத ஆற்றில் நீர் ஏறும்போது எச்சரிக்கை விளக்கும் சங்கொலியும் அறிவிப்பும் எழுகின்றன. இதனைச் சிலர் கூடுதல் ஆபத்து என்பர். நீர் ஏறும் இயல்பை மக்கள் நேரில் பார்த்து அறிவதே ஒரு பாதுகாப்பு என்பது என் கருத்து. மூடிய கால்வாயின் மேல் கடை விரித்தவர்களுக்கு 2010 காலையில் அந்த அறிவு கிடைக்க வழியே இல்லாமல் இருந்தது. ஆற்றுக்குச் சில ஆண்டுகளில் நீர்நாய்களும் குடிவந்தன.

பிறகு ஏன் இது எங்கும் பரவவில்லை? ‘துடிப்பான, அழகிய, தூய்மையான’ திட்டத்தில் பல நீர்வழிகள் மேம்பட்டுள்ளன. ரோச்சோர் கால்வாயின் ஒரு பகுதி படிக்கட்டுகளும் செடிகளுமாக மாறியது. ஆயினும் பீஷானில் நடந்த அளவுக்கு ஆறு தன் வெள்ளச் சமவெளியைத் திரும்பப் பெற்ற இடம் அரிது. காரணம் நிலவுரிமையில் இருக்கிறது. அந்த 62 ஹெக்டேர் பூங்கா 1988இல் பீஷான், அங் மோ கியோ என்ற இரு புதுநகரங்களுக்கிடையே பசுமை இடைவெளியாக அமைக்கப்பட்டது. அகன்ற நிலம் ஏற்கெனவே அரசின் கையில், கட்டடமின்றி, கால்வாயின் பக்கத்திலேயே கிடந்தது. கால்வாயைப் பராமரிக்கும் பியுபியும் பூங்காவைப் பராமரிக்கும் தேசியப் பூங்காக் கழகமும் தங்கள் எல்லைக்கோட்டை அழித்துக்கொள்ள உடன்பட்டதும் பணி முடிந்தது. மற்ற கால்வாய்களின் இருபுறமும் சாலை, வீடு, தொழிற்பேட்டை. அங்கே கரையை அகலப்படுத்தக் கேட்கும் உரிமையை எந்த எண்ணும் பியுபிக்குத் தரவில்லை.

இவ்விடத்தில்தான் இரு விதிகளின் ஒப்பீடு பயன்படுகிறது. மழைநீர் விதியும் தொடக்கத்தில் நிலம் இல்லை என்ற அதே இடையூற்றை எதிர்கொண்டது. அது மனையை வாங்கவில்லை. மனை மறுகட்டுமானத்துக்கு வரும் நாளுக்காகக் காத்திருந்து, அந்நாளில் ஒரு நிபந்தனையை முன்வைத்தது. கரைக்கும் அவ்வாறு செய்ய இயலும். கால்வாயை ஒட்டிய பெரிய மனை மறுகட்டுமானத்துக்கு வரும்போது, வடிகால் ஒதுக்கு நிலத்துக்கு அப்பால் குறிப்பிட்ட அகலத்துக்குச் செடி வளரும் திறந்த மண்ணாக விடவேண்டும் என்றும், அந்தப் பட்டையில் தேங்கும் நீரை 0.55 கணக்கில் மனையின் உரிமையாளருக்கே வரவு வைக்கலாம் என்றும் விதித்தொகுப்பில் எழுதினால், மேம்பாட்டாளருக்குத் தொட்டியின் அளவு குறையும், கால்வாய்க்கு மீட்டர் மீட்டராகக் கரை சேரும். ஒரு கால்வாயின் நீளம் முழுவதும் அது நிறைவேற முப்பது, நாற்பது ஆண்டுகள் ஆகலாம். 99 ஆண்டுக் குத்தகைகளும், அடுக்குமாடி உரிமையாளர்கள் சேர்ந்து மனையை முழுவதுமாக விற்கும் கூட்டு விற்பனைகளும் வழக்கமான இந்த ஊரில், மனைகள் கைமாறி இடிந்து எழுவதற்கு அது நீண்ட காலமன்று.

சிறு மனைகளுக்கு வேறு வழி வேண்டும். தரைவீட்டு உரிமையாளர் ஒவ்வொருவரிடமும் பொறியாளரின் கணக்கைக் கேட்பது பொருந்தாது. செலவு பயனை விஞ்சிவிடும். முன்புறத் தளத்தில் இத்தனை பங்கு நீர் உட்புகும் பரப்பாக இருக்க வேண்டும் என்ற ஒற்றை வரி நிபந்தனையைக் கட்டட மாற்ற அனுமதியோடு இணைப்பதே நடைமுறைக்கு உகந்தது. ஓடு பதிக்க வரும் ஒப்பந்தக்காரர் தம் அளவுநாடாவாலேயே சரிபார்க்கக்கூடியதாக அது இருந்தால் போதும்.